மலிவாக வாங்கிய நாம்பன்கள்



கொள்முதலில்தான் இலாபம் என்பார்கள் நம் பெரியவர்கள். மாட்டு வியாபாரத்தில் அந்தச் சொல்லை நான் பிழையாக விளங்கிக் கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாளை எதிர்பார்த்து படுவான்கரைப் பக்கம் 12 நாம்பன்களை மலிவாக வாங்கி, அன்றிரவே என் பட்டி மாடுகளோடு அடைத்தேன். ஐந்தாம் நாள் ஒன்று வாயில் நுரை தள்ளியது. பத்தாம் நாள் பாதிப் பட்டி நொண்டியது. கால்வாய் நோய்! பெரிய மாடுகள் தப்பின. ஆனால் வாய்ப்புண்ணால் தீன் எடுக்காமல் எலும்பும் தோலுமாயின. இரண்டு பால்குடிக் கன்றுகள் செத்தன. நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்கு ஆகாது. பெருநாள் வியாபாரம் அப்படியே போயிற்று.

இந்நோய்க் கிருமி 2 முதல் 14 நாட்கள் வரை வெளியே தெரியாமல் உடலில் இருக்கும். வாங்கும்போது துள்ளி நிற்கும் மாட்டை நம்ப முடியாது. ஆகவே புதிய மாட்டை 21 நாட்களாவது தனியே கட்டுங்கள். நோயுள்ள ஒட்டகத்தை ஆரோக்கியமானவற்றோடு சேர்க்க வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை நான் மறந்ததன் விலைதான் அந்த நட்டம்.

மாரியோடு வரும் தொண்டை அடைப்பான் இன்னும் கொடியது. காய்ச்சல், தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல்; ஓரிரு நாளில் சாவு. மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும்.

புழுக்கள் ஓசையில்லாத திருடர்கள். பெரிய வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வருகிறது. பிறந்து 10 முதல் 16 நாட்களுக்குள் மருந்து கொடுத்தால், முட்டையிடுமுன் அது அழியும். ஈரல் தட்டைப்புழு வயல் வாய்க்காலிலும் குளக்கரையிலும் வாழும் சிறு நத்தை மூலம் புல்லில் ஒட்டுகிறது. மாடு மெலியும், தாடைக்குக் கீழ் வீங்கும். பலருக்கு மடுவத்தில் ஈரலைக் கழிக்கும்போதுதான் விடயமே தெரியவரும். புழு மருந்து கொடுத்தால், அறுப்பதற்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதையும் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலையொட்டிய குளிரில் வடக்கு, கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் மாண்டன. நோயாக இருக்குமோ என்ற ஐயத்தில் மாவட்டங்களுக்கிடையே இறைச்சி கொண்டுசெல்வது தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது. குளிரே காரணம் என்று பின்னர் அறிவித்தார்கள். புழு தின்று மெலிந்த மாடு குளிரைத் தாங்காது. எங்கோ மாடு செத்தாலும் நம் கடை மூடப்படும் என்பதையும் அந்த நாட்கள் காட்டின.

இப்போது மாடு வாங்கினால், தடுப்பூசி, புழு மருந்து, 21 நாள் தீன் ஆகிய மூன்றையும் விலையோடு கூட்டித்தான் கணக்கெழுதுகிறேன். கூட்டிய பிறகும் மலிவாகத் தெரிந்தால் வாங்குவேன். நீங்களும் மாரி தொடங்குமுன் மிருக வைத்திய அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.