கம்பளிப்பூச்சிக்கும் ஒரு வாசல்

பிரேசர் டவுனில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஞாயிறு காலையில் ஆறு பேர் ஓய்வாக இருப்போம். பறவை, பட்டாம்பூச்சிகளுக்காக ஏதாவது செய்ய நினைக்கிறோம். எங்களிடம் ஏரியா, காடா இருக்கிறது?
– ஒரு வாசகி, பிரேசர் டவுன், பெங்களூரு

மதில் ஓரம் இருக்கிறதல்லவா? அதுவே போதும்! பூச்செடி மட்டும் வைத்தால் பட்டாம்பூச்சி விருந்தாளியாக வந்து போகும். குடித்தனம் நடத்த, புழு தின்னும் இலை வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வையுங்கள், கறிவேப்பிலை அழகி முட்டையிடும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து அடிக்காதீர்கள். உங்கள் திட்டம் பலித்துவிட்டது என்று பொருள்.

பறவைகளுக்கு இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டில் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் மாற்றினால் கொசு அண்டாது. உதிர்ந்த இலைகளை எரிக்காமல் ஒரு மூலையில் குவியுங்கள். மண்புழுவும் செண்பகப் பறவையும் நன்றி சொல்லும்.

பிறகு உங்கள் பகுதியிலுள்ள கோல்ஸ் பார்க்கில் மாதம் ஒருமுறை கண்ணில் பட்ட உயிர்களைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அங்கே செடி நட ஆசையென்றால் மாநகராட்சித் தோட்டக்கலைப் பிரிவில் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஆறு பேரால் என்ன ஆகும் என்று தயங்காதீர்கள். ஜே.பி. நகர்ப் பக்கம் புட்டேனஹள்ளி ஏரியை மீட்க அக்கம்பக்கத்தார் 2010-இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். 2011-இல் மாநகராட்சியே பராமரிப்பை அவர்களிடம் ஒப்படைத்தது. அவர்களும் உங்களைப் போல அண்டை வீட்டார்தான். இந்த ஞாயிறே கறிவேப்பிலைக்குக் குழி தோண்டுங்கள். குழம்புக்குப் பறிக்கும்போது புழுவுக்கும் கொஞ்சம் விட்டுவையுங்கள்!