முதலாண்டு மாணவருக்கான உணவுத் திட்டம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர் ‘மீல் பிளான்’ எனப்படும் உணவுத் திட்டத்தை, அதாவது ஒரு பருவத்துக்குரிய உணவுக் கட்டணத்தை முன்னதாகவே செலுத்தும் ஏற்பாட்டை, கட்டாயம் ஏற்க வேண்டியிருப்பதால், எந்த வகையை ஏற்பது என்பதே அவர் முன்னுள்ள கேள்வியாகிறது. வாராந்திரத் திட்டத்தில் உண்ணாது விட்ட வேளைகள் பெரும்பாலும் வார இறுதியில் காலாவதியாகின்றன. பருவம் முழுமைக்கும் மொத்த எண்ணிக்கை வழங்கும் தொகுப்புத் திட்டம், உணவு நேரம் ஒழுங்கில்லாதவர்களுக்கு மேலானது எனினும், தொடக்கத்தில் தாராளமாகச் செலவிட்டால் தேர்வுக் காலத்தில் கையிருப்பு தீர்ந்துபோகும்.

ஒரு வேளையின் உண்மை விலையை அறிய, திட்டக் கட்டணத்திலிருந்து ‘டைனிங் டாலர்’ தொகையை, அதாவது வளாக உணவுக் கடைகளில் பணம்போலச் செலவிடத்தக்க இருப்பை, கழித்து, எஞ்சியதை உண்ணப்போகும் வேளைகளால் வகுக்க வேண்டும். வழங்கப்படும் வேளைகளால் வகுப்பது ஏமாற்றும் கணக்கு. வாரம் 14 வேளைத் திட்டம் 15 வாரங்களில் 210 வேளை தரும். அதில் வாரம் நான்கு வேளையை உண்ணாது விடுபவர் 150 வேளையே உண்பார் என்பதால், 60 வேளைக்கான பணம் வீணாகிறது.

பிள்ளை பசியோடிருக்குமோ என்ற அச்சத்தினால் பெற்றோர் மிகப் பெரிய திட்டத்தைத் தேர்வது இயல்பே. ஆயினும், பருவத்தின் முதல் சில வாரங்களில் திட்டத்தை மாற்ற அனுமதி உண்டா, அதற்கான இறுதி நாள் எது என்பதை முன்பே கேட்டறிந்து, அதுவரை உண்ட வேளைகளைக் குறித்துவைத்து முடிவெடுப்பது நல்லது. சைவ உணவினர், அன்றாடம் கிடைக்கும் புரத உணவுகளையும், எல்லா மாணவரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறையில் உணவகம் திறந்திருக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.