கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பார், தம்பி



அவுட்போர்டு மோட்டாருக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் என்ன பகை என்று நீ எழுதி அச்சடித்த சிறு நூல், குளச்சல் கரையில் ஒரு வள்ளக்காரர் கை வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. பதினாறு பக்கத்தையும் இருந்த இருப்பில் படித்தேன். பட்டறையை மூடிய பிறகு ஏழாம் பக்கத்தை மட்டும் மறுபடி படித்தேன். கோபம் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எத்தனால் எது, டூ ஸ்ட்ரோக் எது, ஃபோர் ஸ்ட்ரோக் எது என்றெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் பக்கத்துக்கே வருகிறேன். தண்ணீர் புகுந்து பெட்ரோல் பிரிந்துவிட்டால் ஸ்டெபிலைசர் ஊற்றிக் கேனை நன்றாகக் குலுக்கினால் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். யார் சொல்லி இதை எழுதினாய்? நீயாகச் செய்து பார்த்தாயா? பிரிந்தது பிரிந்ததுதான். கடையில் விற்கிற எந்த மருந்தும் அதைத் திரும்பச் சேர்க்காது. நல்ல பெட்ரோல் சீக்கிரம் பிசினாகாமல் காக்கத்தான் அந்த மருந்து.

நடப்பது என்ன என்று பார். 20 லிட்டர் கேனில் இன்றைய பங்க் பெட்ரோலை நிரப்பினால் அதில் ஏறக்குறைய 4 லிட்டர் எத்தனால். கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 10 சதக் கலவை லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தாங்கும். 20 சதக் கலவை அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். ஆனால் சூடு குறையக் குறையத் தாங்கும் அளவும் குறையும். உச்சி வெயிலில் கண்ணாடிபோல் தெளிந்திருந்த கேன், விடியலுக்கு முந்தின குளிரில் பிரிந்துவிடலாம். நம் ஆட்கள் வள்ளம் இறக்குகிற நேரமும் அதுதான். வரம்பு தாண்டிவிட்டால் தண்ணீர் தனியாக இறங்காது, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். மோட்டார் உறிஞ்சுகிற குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். கீழே இருந்து போவது ஆயிலில்லாத தண்ணிச்சாராயம். பிஸ்டன் பிடிக்காமல் என்ன செய்யும்? சரி, மேலே இருப்பதையாவது ஓட்டலாமே என்றால், எத்தனாலை இழந்த அந்தப் பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைந்துவிடும், மோட்டார் தட்டும். அந்தக் கேனைக் குலுக்கி ஓட்டச் சொல்கிறாயே, உன் சொல்லை நம்பிக் கடலுக்குப் போகிறவன் கதி என்ன?

அடுத்தது ஒன்பதாம் பக்கம். காற்றில் இருக்கிற ஈரத்தை எத்தனால் உறிஞ்சி ஒரே வாரத்தில் கேனைத் தண்ணீராக்கிவிடும் என்கிறாய். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இறுக்கி மூடிய கேனில் அது அவ்வளவு வேகமாக நடக்காது. தண்ணீர் வருகிற வழி வேறு. மூடியில் வாஷர் இருக்காது. காற்றுத் திருகு திறந்தபடி கிடக்கும், அதன் மேல் அலை அடிக்கும். கழுவின புனலைத் துடைக்காமல் அப்படியே ஊற்றுவார்கள். குற்றத்தைக் காற்றின் மேல் போட்டுவிட்டால் மூடியை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் புது ஃபைபர் வள்ளங்களும் அவுட்போர்டுகளும் வந்து குவிந்த காலம். ஆசானிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு மோட்டார் நடுக்கடலில் நின்று நின்று போகிறது என்று கொண்டுவந்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பிளக் மாற்றினேன், கூலி வாங்கினேன். பத்து நாளில் மறுபடி வந்தது. மறுபடியும் அதே வேலை, அதே கூலி. மூன்றாம் முறை மோட்டார் நின்றபோது எதிர்க்காற்று. அப்பாவும் மகனும் துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தபோது மகனின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. ஆசான் மோட்டாரைத் தொடவே இல்லை. கேனைக் கொண்டுவரச் சொன்னார். அடியில் கிடந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வெயிலுக்கு நேரே பிடித்தார். கீழே ஒரு விரல் உயரம் தண்ணீர், அதற்குமேல் பெட்ரோல், நடுவே நூல் பிடித்தது போல் ஒரு கோடு. மூடியைத் திருப்பினால் வாஷர் இல்லை. இரண்டு முறை வாங்கிய கூலியையும் என் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைத்தார். அன்று முதல் என் பட்டறையில் பாட்டில் பார்க்காமல் ஸ்பானர் எடுப்பதில்லை.

அன்று ஒரு விரல் தண்ணீர் ஒரு விரலாகவே கிடந்தது. வடித்துவிட்டு மேலே இருந்ததைக் கொண்டு ஓட்டினோம். இன்று அதே ஒரு விரல், எத்தனாலையும் கூட்டிக்கொண்டு பல விரலாகும். மேலே மிஞ்சுவதும் உதவாது. எத்தனால் வந்தபின் பாட்டிலின் தேவை கூடித்தான் இருக்கிறது. ஆனால் உன் பதினாறு பக்கத்தில் பாட்டில் என்ற சொல்லே இல்லை!

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதையும் பாட்டிலே சொல்லும். கோடு போட்ட 100 மில்லிக் குழாயில் 20 மில்லி தண்ணீர் விட்டு, 80 மில்லி பெட்ரோல் ஊற்றி, குலுக்கி வை. அடியில் 20-இல் நின்ற கோடு 35 பக்கம் ஏறியிருந்தால் அது 20 சதக் கலவை. இதை ஒருமுறை கண்ணால் பார்த்த கடற்காரனுக்கு அப்புறம் விளக்கம் தேவையில்லை.

அமெரிக்காவில் 15 சதக் கலவையை மூன்று அவுட்போர்டுகளில் 300 மணி நேரம் ஓட்டிப் பார்க்க முனைந்து, 2011-இல் வெளியிட்ட சோதனையை எழுதியிருக்கிறாய். ஒன்று பேரிங் போய் முடியுமுன்பே நின்றது, இன்னொன்றில் வால்வு உடைந்தது, எல்லாம் சரிதான். பல கம்பெனிகளின் கையேடு 10 சதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது, நம் பங்கில் வருவதோ 20 சதம் என்பதும் சரி. அந்த இடத்தில் உன் கோபம் நியாயமானது, அதை விடாதே. ஆனால் இருட்டில் கேனைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கிறவனுக்கு, அந்த நிமிஷம் கையால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டாமா?

அப்படிச் சொன்ன ஒரு பக்கம் உன் நூலில் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கம். ஹோஸை விரலில் சுற்றிப் பார், பல்லி முதுகுபோல் வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்று. கைப் பல்பை அமுக்கிவிட்டுப் பத்து எண்ணு, கல்லாக நிற்கவில்லை என்றால் எங்கோ கசிவு. தம்பி, இத்தனை வருஷம் மோட்டார் பிரித்த நான் இதை இப்படிச் சொல்லத் தெரியாமல் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறேன். அந்த ஆறு வரியைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிற பையன்கள் எல்லோரையும் வாசிக்க வைக்கிறேன். இந்தக் கரையில் மோட்டாரைப் பற்றித் தமிழில் இவ்வளவு தெளிவாக இன்னொருவர் எழுதி நான் பார்த்ததில்லை.

அதனால்தான் ஏழாம் பக்கம் இப்படி வலிக்கிறது. ஆனி ஆடியில் கடல் பொங்கும். வள்ளங்கள் கரையேறும், பாதி பெட்ரோலோடு கேன்கள் வீட்டு மூலையில் கிடக்கும். ஆவணியில் அதே பெட்ரோலைத்தான் ஊற்றுவார்கள். அதற்குள் திருத்தி அச்சடித்துவிடு. அதுவரை கையில் மிச்சமிருக்கிற ஒவ்வொரு நூலிலும் அந்த மருந்து வரியைப் பேனாவால் அடித்து, ‘முதலில் பாட்டிலில் ஊற்றிப் பார்’ என்று உன் கையால் எழுதிக் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்