கஞ்சாவும் தூக்கமும்



"ஒரு தம் போட்டா சூப்பரா தூக்கம் வரும்டா!" சேலையூர், இரும்புலியூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நம் மாணவர்களிடம் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இது முழுப் பொய்யாக இருந்தால் நான் கட்டுரையே எழுத வேண்டாம். பாதி உண்மை. வம்பே அங்கேதான்.

கஞ்சாவில் போதை தரும் பொருள் டி.எச்.சி. இஸ்ரேல் விஞ்ஞானி மெக்கூலமும் சக ஆய்வாளரும் 1964-ல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இதைப் போன்ற ஒரு பொருள் நம் மூளையிலேயே சுரக்கிறது என்பதை 1992-ல் அவருடைய ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. அதற்கு வைத்த பெயர் அனந்தமைடு. நம்ம 'ஆனந்தம்'தான்! வெளியிலிருந்து தினமும் டி.எச்.சி. வந்துகொண்டிருந்தால், மூளை அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைக் குறைத்துவிடும். என்ஜின் வேகம் கூடினால் கவர்னர் வால்வை மூடுமே, அது மாதிரி.

தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆழ்ந்த உறக்கம், பிறகு இமைக்குள் கண்கள் உருளும் கனவு உறக்கம். விடியற்காலையில் கனவு உறக்கம்தான் அதிகம். கஞ்சா புகைத்தவனுக்கு ஆரம்பத்தில் சீக்கிரம் கண் சொக்கும். ஆனால் கனவு உறக்கம் குறையும். நாளாக ஆக ஏற்பிகள் குறைந்துபோய், பழைய அளவு பத்தாது. பொட்டலம் ஒன்று இரண்டாகும், தூக்கம் மட்டும் பழையபடி வராது.

நிறுத்தும்போது நடப்பதுதான் முக்கியம். என் அறை நண்பன் ஒருவன் நாலாம் செமஸ்டர் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் நிறுத்தினான். மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். பயங்கரக் கனவுகளாம். "பாத்தியா, அது இல்லாம எனக்குத் தூக்கமே வராது" என்றான்.

அவன் எடுத்த முடிவு தலைகீழ். தூக்கத்தைக் கெடுத்ததே அதுதான். அடக்கி வைத்திருந்த கனவு உறக்கம் அணை திறந்த மாதிரி பாய்கிறது. நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் ஆரம்பித்து முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். எரிச்சல், பசியின்மை எல்லாம் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கக் கோளாறு மட்டும் ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். ஏற்பிகள் ஏறக்குறைய 4 வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. இதைச் சொன்ன பிறகு காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்தான். இரண்டு பேப்பர் அரியர் விழுந்தது. ஆனால் திரும்பத் தொடவில்லை.

ஆகவே, நிறுத்த நினைப்பவர்கள் பரீட்சைக்கு வெகு முன்னாலேயே, லீவு ஆரம்பத்தில் நிறுத்துங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை வாங்கவே கூடாது.

போலீஸ் பயத்தில் வைத்தியத்துக்குப் போகாதவர்கள் உண்டு. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி சிறிதளவு கஞ்சா வைத்திருந்தாலே ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு வழக்கில் சிக்கிய அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. நம் பக்கத்திலேயே, அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, அதை நடத்தும் அமைப்பு 1980-லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.