வீட்டு விளக்கும் அரசின் துணையும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"சிறு துளி பெருவெள்ளம்" என்பது நம் முன்னோர் வாக்கு. சேமிப்பு என்றதும் உண்டியலும் அஞ்சலகமும் நம் நினைவுக்கு வருகின்றன. சுவரில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும் மின்சார மீட்டரை நாம் நினைப்பதில்லை. அதிலும் சேமிக்கலாம். ஆனால் அச்சேமிப்புக்கு முதலில் பணம் வேண்டும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் விசிறிக்கு விலை அதிகம். அதை வாங்க இயலாத குடும்பம் மலிவான விசிறியை வாங்கி, பின்னர் ஆண்டுக்கணக்கில் கூடுதல் கட்டணம் செலுத்துகிறது. வசதி உள்ளவர் சேமிக்கிறார், இல்லாதவர் இழக்கிறார். இந்த முரண்பாட்டைப் போக்கவே அரசின் உதவி தேவைப்படுகிறது. அவ்வுதவி எப்போது பயன் தருகிறது, எப்போது தவறிப் போகிறது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

ஓர் அலகு என்பது யாது?

ஆயிரம் வாட் ஆற்றலுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு கிலோவாட் மணி. இதையே வீடுகளில் யூனிட் என்கிறோம். 60 வாட் குண்டு பல்பு ஒன்று நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், 60 நாள்களில் 18 யூனிட் செலவாகும். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 2.7 யூனிட் போதும். மிச்சம் 15.3 யூனிட். ஒரு வீட்டில் நான்கு விளக்குகளை மாற்றினால் 61 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். குண்டு பல்பில் சுட்டு வெண்மையாகும் இழையே ஒளி தருவதால், மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாக வீணாகிறது. அதனால்தான் எரியும் பல்பைத் தொட்டால் கை சுடுகிறது.

வீட்டில் மிச்சமாகும் ஒரு யூனிட், மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கும் அதிகமாக மிச்சமாகிறது. கம்பிகளில் வரும் வழியிலேயே ஒரு பகுதி இழக்கப்படுவதே காரணம். மேலும், பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் கட்டணமும் படிப்படியாக உயர்வதால், நாம் குறைப்பது விலை உயர்ந்த கடைசி யூனிட்டுகளையே.

புகையில்லா அடுப்பு தந்த பாடம்

விறகடுப்பின் புகையிலிருந்து தாய்மாரைக் காக்கவும் விறகைச் சிக்கனப்படுத்தவும் மத்திய அரசு 1983-ஆம் ஆண்டில் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மானியத்துடன் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எனினும் பல வீடுகளில் அவை நிலைக்கவில்லை. சில அடுப்புகளில் வீட்டுப் பானைகள் பொருந்தவில்லை. புகைக்குழாயில் கரி அடைத்தபோது சுத்தம் செய்ய வழி சொல்வாரில்லை. விரிசல் விட்டவற்றைச் சீர்செய்ய ஆளில்லை. 2002-இல் மத்திய அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அடுப்பைக் கொடுப்பதோடு உதவி முடிவதில்லை. அதன் முன் நின்று சமைப்பவரையும் கேட்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

விளக்கின் விலை குறைந்த வரலாறு

நீல நிற எல்.இ.டி.யைக் கண்டறிந்தமைக்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளி இருந்தால்தான் வெள்ளை ஒளியை உருவாக்க முடியும். ஆனால் அறிவியல் வென்றும் விளக்கின் விலை எட்டாக் கனியாகவே இருந்தது. நம் நாட்டுக் கடைகளில் ஒரு விளக்கு நானூறு ரூபாய்க்கு மேல் விற்றது.

மத்திய மின் துறையின் கீழ் இயங்கும் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் புதுச்சேரியில் முன்னோட்டமாக இவ்விளக்குகளை வழங்கியது. பின்னர் 2015 ஜனவரி 5 அன்று 'உஜாலா' திட்டம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. கோடிக்கணக்கான விளக்குகளை ஒரே நேரத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கியதால், 2014-இல் சுமார் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது! மின் கட்டண ரசீதைக் காட்டி மக்கள் வாங்கினர். சில மாநிலங்களில் முதலில் 10 ரூபாய் மட்டும் கட்டி, மீதியை மின் கட்டணத்தோடு தவணையாகச் செலுத்தவும் வழி இருந்தது. இவ்வாறு 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் வீடுகளை அடைந்தன. அரசு விலையில் மானியம் தரவில்லை, விலையையே இறக்கிவிட்டது. கையில் முதல் இல்லாதவரும் சேமிக்கத் தொடங்கியது இதன் சிறப்பாகும்.

நட்சத்திரம் பார்த்து வாங்குவோம்

உதவி எப்போதும் பணமாகவே இருக்க வேண்டுவதில்லை. உண்மையான தகவலும் உதவியே. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002-இல் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. அது 2006-இல் நட்சத்திரக் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கூடக் கூட, மின்செலவு குறையும். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் இது கட்டாயமாயிற்று. 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறியை நாள்தோறும் 12 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதத்தில் 32.4 யூனிட் மிச்சம். குறியீட்டில் ஆண்டையும் பார்க்க வேண்டும். தர அளவு அவ்வப்போது உயர்த்தப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரம் புதிய ஐந்துக்கு ஈடாகாது.

இன்னும் வேண்டுவன

2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், கூரைமேல் சூரியத் தகடு அமைக்க 78,000 ரூபாய் வரை மானியம் அளித்தது. நல்ல திட்டமே. ஆனால் சொந்தக் கூரை இல்லாத வாடகைக் குடும்பம் என்ன செய்யும்? வீட்டுக்காரர் செலவிட்டால் கட்டணம் குறைவது குடியிருப்பவருக்கு. குடியிருப்பவர் செலவிட்டால் வீடு மேம்படுவது வீட்டுக்காரருக்கு. ஆகவே இருவரும் தயங்குகின்றனர். தெலங்கானா அரசு 2023-இல் வெளியிட்ட குளிர் கூரைக் கொள்கை போன்று, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சை ஊக்குவிக்கும் திட்டங்கள், ஒட்டு வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் வாழ்வோரை முதலில் சேர வேண்டும். விசிறிகளும் விளக்கைப் போலத் தவணையில் கிடைத்தால் எத்தனையோ தாய்மார் மகிழ்வர்.

முடிவுரை

அன்புத் தோழியரே! விலையை இறக்குதல், உண்மையைச் சொல்லுதல், பயன்படுத்துவோரைக் கேட்டல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அரசின் உதவி வீடு வந்து சேரும். நாம் செய்யக்கூடியதும் உண்டு. இவ்வாரம் நம் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும் அது ஓடும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்போம். அத்தாளைப் பெற்றோரிடம் காட்டுவோம். அடுத்துப் பழுதாகும் விசிறிக்குப் பதிலாக எதை வாங்குவது என்பதை அக்கணக்கே கூறிவிடும்.