முதலில் வயதைக் கேளுங்கள்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

நரம்பியல் பயிற்சியில் சேர்ந்திருக்கிறீர்கள். இனி உங்கள் ஓ.பி.யில் "ஃபிட்ஸ் வந்துச்சு டாக்டர்" என்று யாராவது வந்து உட்காராத நாள் இருக்காது. எப்படி இழுத்தது, எத்தனை நிமிடம், நாக்கைக் கடித்தாரா, நினைவு எப்போது திரும்பியது என்ற கேள்விகள் பழக்கத்தில் தாமாக வந்துவிடும். அவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. ஓ.பி. சீட்டின் மேலேயே எழுதியிருப்பதால் அதை யாரும் கேள்வியாகக் கருதுவதில்லை. அதுதான் வயது. வலிப்பு நோயை நிர்ணயிப்பதில் மூளையின் வயதுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு என்பதும், அந்த வயது மாறும்போதெல்லாம் நிர்ணயத்தையும் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும் என்பதும்தான் இக்கடிதத்தில் நான் சொல்ல வருவது.

அடிப்படையிலிருந்தே தொடங்குவோம். வளர்ந்த மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களை அடக்கி வைக்கிறது. பச்சிளங்குழந்தையின் மூளையிலோ அதே காபா பல அணுக்களைத் தூண்டிவிடக்கூடியது. இளம் நரம்பணுவில் குளோரைடை உள்ளே இழுக்கும் என்.கே.சி.சி.1 என்ற புரதம் மிகுதி. வெளியே தள்ளும் கே.சி.சி.2 குறைவு. உள்ளே குளோரைடு தேங்கிக் கிடப்பதால், காபா வழியைத் திறந்ததும் அது வெளியேறி அணுவைக் கிளறிவிடுகிறது. நரம்பிழைகளின் மேல் மயலின் உறையும் அப்போது முழுமையாகப் படிந்திருக்காது. அதனால் உடம்பு முழுவதும் சேர்ந்து உதறும் வலிப்பை அந்தக் குழந்தையிடம் எதிர்பார்க்காதீர்கள். கண் ஒருபுறம் செருகி நிற்கும், வாய் சப்புக்கொட்டும், கால்கள் சைக்கிள் மிதிக்கும், ஒரு கை மட்டும் துடிக்கும். சில குழந்தைகளிடம் வெளியே எதுவும் தெரியாது, இ.இ.ஜி. மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

சில மாதங்கள் கழித்து அதே மூளை வேறு விதமாக வலிக்கிறது. 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தம் மகனுக்கு வந்த விசித்திரமான இழுப்பை விவரித்து 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதினார். இன்று வெஸ்ட் சிண்ட்ரோம் என்று அதைச் சொல்கிறோம். தூங்கி எழுந்த கைக்குழந்தை சட்டென்று தலை கவிழ்ந்து, கைகளை விரித்து, இடுப்பில் மடங்கும். சில நொடி விட்டு மறுபடியும், மறுபடியும். ஒவ்வொன்றும் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும். வீட்டில் "தூக்கிப் போடுது" என்பார்கள், இல்லாவிட்டால் உரம் விழுந்திருக்கிறது என்று உரம் எடுக்கக் கொண்டுபோவார்கள். ஏ.சி.டி.எச். அல்லது விகாபாட்ரின் தொடங்குவதில் ஏற்படும் தாமதம் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சல் வலிப்பின் காலம். பல நாடுகளில் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது, மிகப் பெரும்பாலோருக்குப் பிற்காலத்தில் வலிப்பு நோய் வருவதில்லை. நான்கிலிருந்து பத்து வயதுக்குள், பாடத்தின் நடுவே சில நொடி வெறித்துப் பார்த்து மீளும் ஆப்சன்ஸ் வலிப்பு. பதின்பருவத்தில், காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறிக்கும் மயோக்ளோனிக் வலிப்பு. அறுபது தாண்டினால் பக்கவாதத்தின் தழும்பும் மறதி நோயும் காரணங்களாக முன்னே வருகின்றன. வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேச லீக் 2022இல் வெளியிட்ட வகைப்பாடு சிண்ட்ரோம்களைத் தொடங்கும் வயதை வைத்தே அடுக்குகிறது. வயது சார்ந்த சிண்ட்ரோம் ஒருவருக்கு இருந்து, அந்த வயதை அவர் கடந்துவிட்டால், நோய் தீர்ந்ததாகக் கொள்ளலாம் என்று அதே அமைப்பின் 2014 வரையறையும் சொல்கிறது.

எம்.ஆர்.ஐ.யும் மரபணுச் சோதனையும் வந்த பிறகு வயதை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். டிராவே சிண்ட்ரோமை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.சி.என்.1ஏ மரபணுவின் பிழை கருவிலேயே இருக்கிறது, வலிப்போ முதல் வயதுக்குள்தான், பெரும்பாலும் காய்ச்சலோடு, தலைகாட்டுகிறது. தடுப்பூசி போடும் வயதும் அதுவே. தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிக்கும் சகாக்களும் பரிசோதித்து 2006இல் வெளியிட்டார்கள். 11 பேரிடம் அந்த மரபணுப் பிழை இருந்தது. மரபணு நோயை விளக்கியது. அது ஏன் ஊசிக்குப் பின் வந்ததாகத் தோன்றியது என்பதை வயதுதான் விளக்கியது. எந்தச் சோதனையை எழுதுவது, வந்த முடிவை எப்படிப் படிப்பது என்பதற்கும் வயது வேண்டும். குறைமாதக் குழந்தையின் விட்டுவிட்டு ஓடும் இ.இ.ஜி. அந்த வயதுக்கு இயல்பு; அதே கோடுகள் பெரியவரிடம் தெரிந்தால் ஆபத்து.

இரண்டாவது மறுப்பு நம் மண்ணிலிருந்து வருவது. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 1935 முதல் 1984 வரையிலான பதிவுகளில் குழந்தைகளிடம் புதிய வலிப்பு குறைந்து, முதியவர்களிடம் கூடிவந்தது தெரிந்தது. இங்கே நாடாப்புழுவின் சிறுகட்டி இளைஞர்களின் மூளையிலும் வலிப்பைக் கிளப்புகிறது. அப்படியானால் வயதுக் கணக்கு இங்கே எடுபடுமா? அவர்கள் அட்டவணை எடுபடாது, கேள்வி எடுபடும். இந்திய நோயாளிகளின் ஸ்கேனில் தெரியும் ஒற்றைச் சிறுகட்டியைக் காசநோய்க்கட்டி என்று எண்ணி மருந்து கொடுத்துவந்த காலத்தில், அவற்றில் பல புழுக்கட்டிகள் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1989இல் காட்டினார்கள். இருபத்தைந்து வயதுக்காரரிடம் அத்தகைய கட்டி பெரும்பாலும் மாதங்களில் கரைந்து, வலிப்பும் அடங்கும் என்று நம்பலாம். எழுபது வயதில் முதன்முதலாக வலிப்பு வந்தவரின் ஸ்கேனில் புள்ளி தெரிந்தால் அந்த நம்பிக்கையோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது. புற்றுநோயின் பரவலை விலக்கியாக வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கூர்மையானது. காபா தலைகீழாக வேலை செய்கிறது என்றால், காபா வழியாகச் செயல்படும் ஃபீனோபார்பிட்டால் பச்சிளங்குழந்தைக்குப் பயன்படக் கூடாது. குளோரைடைச் சரிசெய்யும் பியூமெட்டனைடு பயன்பட வேண்டும். நடந்தது வேறு. பியூமெட்டனைடு பரிசோதனை போதிய பலனின்றி, செவித்திறன் கேடு குறித்த கவலையோடு நிறுத்தப்பட்டது. 2020இல் வெளியான ஆய்வில் 24 மணி நேரம் வலிப்பைக் கட்டுப்படுத்தியது ஃபீனோபார்பிட்டால் பெற்றவர்களில் 80 சதவீதம், லெவெட்டிராசிட்டாம் பெற்றவர்களில் 28 சதவீதம். ஆய்வகத்து வயதுக் கோட்பாட்டை நேராக மருந்துச் சீட்டில் எழுதிவிடக் கூடாது என்பதே இதன் பாடம். பெரியவர்களுக்குப் பிடித்த மருந்து பிஞ்சுக்கும் பிடிக்கும் என்று எண்ணுவதும் அதே தவறுதான். எந்த வயதினருக்கு மருந்தோ, அந்த வயதினரிடம் நடந்த சோதனைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எனவே வயதை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ளுங்கள். "வளர்ந்தால் போய்விடும்" என்பது ரோலாண்டிக் வலிப்பில் பெரும்பாலும் உண்மை. பதின்பருவ மயோக்ளோனிக் வலிப்பில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். பெண் பிள்ளைக்கு வால்புரோயேட் எழுதும் கணத்திலேயே பத்தாண்டுக்குப் பின் வரக்கூடிய கருவையும் நினைத்துப் பாருங்கள்: கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் பிறவிக் குறைபாடு ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு நேர்கிறது. முதியவர் உதறாமல், சில நிமிடம் குழம்பி நின்றுவிட்டு மீளலாம். அதை வயதுக்கோளாறு என்று ஒதுக்காதீர்கள், மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குங்கள். ஒவ்வொரு கோப்பிலும் முதல் வலிப்பு வந்த வயது, இன்றைய வயது, குறைமாதத்தையும் வளர்ச்சித் தாமதத்தையும் கணக்கில் கொண்ட மூளையின் வயது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். மாத்திரைக்காக வருகிறவரிடம் பழைய சீட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும் முன், இன்று முதன்முறையாக வந்திருந்தால் இந்த வயதில் இவருக்கு இதே நிர்ணயத்தைச் செய்வீர்களா, இதே மருந்தை எழுதுவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அன்றே மாற்றத்தைத் தொடங்குங்கள். மருந்தை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாமல் படிப்படியாகக் குறையுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்தவன்