மாநாடு கொழும்பில், மிச்ச இரண்டு நாள் நமது கரையில்

கொழும்பில் பெரிய மாநாடு ஒன்று நடந்தால் அதன் வருமானம் கொழும்பு ஹோட்டல்களோடு முடிந்துவிடும் என்றுதான் மூதூர், கிண்ணியா, சம்பூர் பக்கத்து வியாபாரிகள் பலரும் நினைக்கின்றனர். இந்த எண்ணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்தியப் பிரயாண முகவர்கள் சங்கம் தனது 67ஆவது மாநாட்டை 2023 ஜூலை 6 முதல் 9 வரை கொழும்பில் நடத்தியது. இப்படி வருபவர்கள் சாதாரண உல்லாசப் பயணிகள் அல்லர். ஊர் திரும்பியதும் மற்றவர்களை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பவர்கள். அவர்களில் ஒருவரை நமது ஊருக்கு அழைத்து வந்து நன்றாக அனுப்பி வைத்தால், பத்திரிகையில் பெரிய விளம்பரம் போட்டதை விட அது மேல்.

அந்த மாநாடு நடந்த மாதத்தைக் கவனியுங்கள். ஜூலையில் தென்மேல் பருவக் காற்று வீசும். பெந்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் கடல் கொந்தளிக்கும். அதே நேரம் உப்புவெளி, நிலாவெளி, கொட்டியார் குடாப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். கொழும்பில் மழை பெய்யும்போது கடற்கரை காட்ட வேண்டிய முகவருக்குக் கிழக்கை விட்டால் வழி குறைவு. மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பில் என்னென்ன மாநாடுகள் நடக்கவிருக்கின்றன என்பதை ஜனவரியிலேயே விசாரித்து வைப்பது நம் முதல் வேலை. மாநாட்டு அலுவல்களுக்கென்றே அரசாங்கத்தின் மாநாட்டுப் பணியகம் கொழும்பில் இருக்கிறது.

அடுத்தது நேரக் கணக்கு. ஞாயிறு மாநாடு முடிந்தால் திங்கள் காலை 7 மணிக்கு வேன் புறப்படட்டும். கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வழியில் ஹபரணையில் நிறுத்தினாலும் பகல் 2 மணிக்குள் வந்துவிடலாம். மாலையில் மான்கள் உலாவும் பிரெட்ரிக் கோட்டை, அதனுள்ளே கோணேஸ்வரர் கோயில், பிறகு கடைத்தெரு. ஒரு மாலைக்கு இவ்வளவே போதும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாத்தீவு, திமிங்கிலம் என்று எல்லாவற்றையும் அதே நாளில் திணிப்பவர் வாடிக்கையாளரைக் களைப்போடுதான் திருப்பி அனுப்புவார்.

செவ்வாய் காலை மூதூருக்கு. ஒரு காலத்தில் லோஞ்சை நம்பியிருந்த பயணம் இது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டு, அதன் பின் மற்றப் பாலங்களும் வந்ததால் இப்போது தரைவழியே போகலாம். மூதூரில் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, தந்தையுடனும் கப்பல்காரர் சிலருடனும் இந்தப் பகுதியில்தான் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். 19 வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்து 1679இல் தப்பினார். 1681இல் அவர் இலங்கையைப் பற்றி வெளியிட்ட நூல் ஐரோப்பா எங்கும் பேசப்பட்டது. அந்த நினைவிடத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

பகல் உணவு சம்பூர்க் கடலோரம் இருக்கட்டும். இங்கேதான் கூட்டு வியாபாரம் தேவைப்படுகிறது. 2006இல் சம்பூர் தமிழ் மக்களும் மூதூர் முஸ்லிம்களும் யுத்தத்தால் ஊரைவிட்டு ஓடினர். மூதூர் மக்கள் விரைவிலேயே திரும்பினர். சம்பூரின் காணிகள் விடுவிக்கப்பட 2015 ஆயிற்று. இன்று வேன் மூதூர்க்காரரிடம், தோணியும் மீனும் சம்பூர்க்காரரிடம். இருவரும் தனித்தனியே போனால் முகவர் இருவரையும் விட்டுவிட்டு நிலாவெளி ஹோட்டலோடு நின்றுவிடுவார். யுத்தத்தின் சோகத்தைக் காட்சிப் பொருளாக்கி விற்பது வேண்டாம். விருந்தாளி தானாகக் கேட்டால் சொல்வோம்.

சாப்பாட்டில் ஒரு விடயம். ஹலால் என்பதால் மட்டும் இந்திய முகவர் திருப்திப்பட மாட்டார். அவரது வாடிக்கையாளர்களில் பலர் சுத்த சைவம். சிலர் வெங்காயம், பூண்டு கூடத் தொடாதவர். சைவச் சமையலுக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு வைத்திருப்பவருக்கே வியாபாரம். இறாலும் நண்டும் மற்ற மேசைக்கு. மூதூர் சட்டித் தயிர் இரண்டு மேசைக்கும் பொது.

கடலில் கொண்டு போவதாயின் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரையும் ஏற்றக்கூடாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் மரணித்ததை நாம் மறந்துவிடவில்லை. படகுக்கு அனுமதியும் காப்புறுதியும் உண்டா என்று கேட்பதுதான் அனுபவமுள்ள முகவரின் முதல் கேள்வி. தங்குமிடம் வைத்திருப்போர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத இடத்தைக் கௌரவமான நிறுவனம் தன் பட்டியலில் சேர்க்காது.

காசு விடயத்தில் நம்மவர்கள் அடிபடும் இடம் கடன். வேன் டீசலையும் மீனையும் அன்றே காசு கொடுத்து வாங்குகிறோம். கொழும்பு நிறுவனமோ பில்லை வாங்கி வைத்து ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் தரும். பாதித் தொகையை முற்பணமாகக் கேளுங்கள். மீதி எந்தத் திகதியில் என்பதையும், ஆட்கள் குறைந்தால் எவ்வளவு கழிவு என்பதையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள். தவணைக் கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் சொல்கிறது. பங்காளிகளான வேன்காரரும் தோணிக்காரரும் சமையல்காரரும் தமக்குள் இலாபப் பங்கை எழுதிக்கொள்வதும் அப்படித்தான்.

செவ்வாய் பகல் 2 மணிக்கு மூதூரிலிருந்து கந்தளாய் வழியாகப் புறப்பட்டால் இரவு 9 மணியளவில் கட்டுநாயக்க. நள்ளிரவு விமானத்துக்கு நேரம் தாராளம். முதலில் ஒரு வேன், எட்டுப் பேர், ஒரு தோணி என்று ஆரம்பியுங்கள். இந்த வருடம் கொழும்பு நிறுவனம் ஒன்றின் ஊழியர்களை மட்டும் அழைத்து வந்து ஒத்திகை பார்த்துக்கொண்டால், அடுத்த மாநாட்டுக்கு முன் விலைப்பட்டியல் தயாராகிவிடும், இன்ஷா அல்லாஹ்.